ஏடார்1 நொதி: ஒரே மரபணுவால் தோல் புள்ளியும் மூளை நோயும் வருவது எப்படி?

கைகால்களில் புள்ளிகள் மட்டுமே தோன்றும் தோல் நோய்க்கும், கைக்குழந்தையின் மூளையைச் சிதைக்கும் நோய்க்கும் ஏடார் என்ற ஒரே மரபணுவைக் காரணமாகச் சொல்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்முதலில் படித்தபோது எனக்கும் இது அச்சுப் பிழையோ என்றே தோன்றியது.

அந்த மரபணு உருவாக்கும் ஏடார்1 நொதி, ஈரிழை ஆர்.என்.ஏ-வில் உள்ள அடினோசின் என்ற அலகை இனோசின் என்ற வேறோர் அலகாக மாற்றுகிறது. நம் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 10 சதவீதம் 'ஆலு' என்னும் சிறு தொடர்களின் பிரதிகளே. எதிரெதிர்த் திசையில் அமைந்த இரு பிரதிகள் ஒரே ஆர்.என்.ஏ-வில் வந்தால், அவை தமக்குள் இணைந்து, வைரஸின் ஆர்.என்.ஏ போலவே நீண்ட ஈரிழையாகிவிடுகின்றன. இனோசின் புகுந்ததும் அந்த இணைப்பு நெகிழ்வதால், வைரஸைத் தேடும் எம்.டி.ஏ.5 என்ற உணர்புரதம் அதைக் கண்டுகொள்வதில்லை. மந்தையில் தன் ஆட்டுக்கு அடையாளம் இடுவதைப் போன்ற வேலை இது.

அடையாளம் இடாவிட்டால் நேர்வதைச் சுண்டெலிகள் தெளிவாகக் காட்டின: ஆர்.என்.ஏ-வை இப்படித் திருத்தும் ஆற்றலை மட்டும் இழந்த ஏடார்1 கொண்டவை கருவிலேயே இறந்தன, எம்.டி.ஏ.5-ஐயும் சேர்த்து நீக்கியபோது அவை பிறந்து வளர்ந்தன என்று 2015-இல் வெளியான ஆய்வு கூறியது. இந்தத் துறையில் இத்தனை நேரடியான சான்று அரிது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் செயலிழந்தால், பெரும்பாலும் ஜப்பானிலும் சீனாவிலும் பதிவாகியுள்ள, கருமையும் வெளுப்புமான புள்ளிகள் கொண்ட தோல் நோய் வருகிறது. இத்தொடர்பு 2003-இல் அறியப்பட்டது. இரண்டு பிரதிகளும் பழுதுபட்டால், எம்.டி.ஏ.5 தூண்டிவிடும் வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரான் ஓயாமல் சுரந்து, கருவில் தாக்கிய வைரஸ் தொற்றைப் போலத் தோற்றமளிக்கும் ஐகார்டி-கூட்டியேர் நோய் உண்டாகலாம். ஏடார் வழியாகவும் அது வரும் என்பது 2012-இல் தெரியவந்தது. பாரிசிட்டினிப் போன்ற மருந்துகள் இன்டர்ஃபெரானின் சமிக்ஞையைத் தணிக்கின்றனவே தவிர, இறந்துபோன மூளைத் திசுவை மீட்பதில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். ஏடார்1 புரதத்தின் 1007-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஆர்ஜினின் அமரும் பிறழ்வு ஒரு பிரதியில் இருந்தாலே மூளை பாதிக்கப்படலாம், ஏனெனில் அந்தப் பழுதான புரதம் நல்ல புரதத்தின் வேலையையும் தடுக்கிறது. ஆகவே மரபணுச் சோதனை அறிக்கையில் 'ஏடார்' என்ற பெயரோடு நிற்காமல், எந்தப் பிறழ்வு, எத்தனை பிரதிகளில் என்பதையும் மரபியல் மருத்துவரிடம் கேளுங்கள்.