சப்பாத்தி மாவில் கடலை மாவு கலந்தால் சர்க்கரை ஏறாதா?

கேள்வி: என் கணவருக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கோதுமை மாவில் கடலை மாவு கலந்து சப்பாத்தி செய்தால் சர்க்கரை ஏறாது, சீக்கிரம் பசிக்கவும் செய்யாது என்கிறார்கள். இது உண்மையா? எவ்வளவு கலக்கலாம்?
– வாசகி, விருதுநகர்

பதில்: ஏறவே ஏறாது என்பது சரியல்ல, ஏறும் வேகமும் அளவும் குறையும் என்பதுதான் உண்மை. பருப்பு வகைகளின் மாவுச்சத்தில் மெதுவாகச் செரிக்கும் அமைலோஸ் என்ற வகை அதிகம். அதனுடன் உள்ள புரதமும் நார்ச்சத்தும், உணவு இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் அறிமுகப்படுத்திய, ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் இண்டெக்ஸ் அளவுகோலில், குளுக்கோஸை 100 என்று கொண்டால், வெள்ளை ரொட்டி சுமார் 75. வேகவைத்த கொண்டைக்கடலையோ சுமார் 30தான்.

ஆனால், இந்த 30 என்பது முழுக் கடலைக்கு உரியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முழுதாக வேகும் கடலையில் செல்சுவர்கள் பெரும்பாலும் உடையாமல் இருப்பதால், செரிமான நொதிகள் உள்ளே இருக்கும் மாவுச்சத்தை எளிதில் நெருங்க முடியாது; நைசாக அரைத்த மாவில் அந்தக் காப்பு குலைந்துவிடுகிறது. ஆகவே, கடலை மாவு கலந்த சப்பாத்தி வெறும் கோதுமைச் சப்பாத்தியைவிட நல்லது என்றாலும், ஒரு சப்பாத்தியைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடுவதே மேல் என்பது என் கருத்து.

மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு கடலை மாவு கலக்கலாம். அதற்கு மேல் போனால் மாவு பிசுபிசுப்பாகித் தேய்க்கும்போது விரிசல் விடும். கடையில் பாக்கெட் மாவு வாங்கினால் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும் என்பதால், கடலை மாவு கடைசியில் இருந்தால் அதில் பெரிய பயன் இல்லை.

பசியைப் பொறுத்தவரை, பருப்பு சேர்ந்த உணவு வயிறு நிறைந்த உணர்வைக் கூடுதல் நேரம் தருகிறது. அதனால் அடுத்த வேளை குறைவாகச் சாப்பிடுவார் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. இன்னொரு நன்மை உண்டு. காலையில் பருப்பு உணவு சாப்பிட்டால், மதிய உணவுக்குப் பிறகும் சர்க்கரை ஏற்றம் குறைவாக இருக்கிறது என்று அதே டொரண்டோ குழு 1982-இல் கண்டறிந்தது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாள் வெறும் கோதுமைச் சப்பாத்தி, இன்னொரு நாள் கலவைச் சப்பாத்தி என, எண்ணிக்கையும் தொடுகறியும் மாறாமல் கொடுத்து, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அவர் இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால், எவ்வளவு பருப்பு சாப்பிடலாம் என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.