ரூபிடியமா, கவுண்டரா, ஜிபிஎஸ்ஸா? பழைய டைமிங் சாமான் வாங்கப்போற மன்னார்குடி தம்பிக்கு

மன்னார்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஹாம் லைசென்ஸ் இருக்கு, ரேடியோவுக்கு நல்ல 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ், அதாவது மத்ததையெல்லாம் ஒப்பிட்டுப் பாக்குற அளவுகோல் சிக்னல் ஒண்ணு வேணும், அதோட தாத்தா காலத்து பெண்டுலம் கடிகாரம் வீட்ல இன்னும் ஓடுது, அது நாளுக்கு எவ்வளவு முன்ன பின்ன போவுதுன்னு கிராஃப் போட்டுப் பாக்கணும்னு ஆசை. கையில 30,000 ரூபா இருக்கு. ஆன்லைன்ல ஒருத்தர் எல்பிஆர்ஓ-101 ரூபிடியம் ஒண்ணு விக்கிறாரு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஸ்கிராப் கடையில எச்பி 53131ஏ கவுண்டர் (ஃப்ரீக்வென்சியும் நேர இடைவெளியும் அளக்குற மெஷின்) கெடக்கு, ஆனா அதுல ஓவன் ஆப்ஷன், அதாவது ஒரே சூட்டுல வச்சிருக்குற நல்ல கிரிஸ்டல், இல்லயாம். வீட்டைச் சுத்தி தென்னந்தோப்பு, அதனால ஜிபிஎஸ் வேலைக்காகாதுன்னு நெனச்சு ரூபிடியம் பக்கம் சாஞ்சுட்டேன் அண்ணே, முதல்ல எதை வாங்கட்டும்னு கேக்குறாரு.

தம்பி, ரூபிடியத்தை கடைசியா வாங்குங்க. கவுண்டர் முதல்ல, ஜிபிஎஸ் ரெண்டாவது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

ரூபிடியம்னா அணுக்கடிகாரம், அதனால பொட்டியத் தொறந்ததுமே சரியா ஓடும்னு நெறைய பேர் நெனக்கிறாங்க. அப்படி இல்ல. ரூபிடியம் 87 அணுவோட அதிர்வு 6.8 கிகாஹெர்ட்ஸ் சொச்சத்துல இருக்கு, அதைப் புடிச்சுத்தான் உள்ள இருக்குற கிரிஸ்டலை கட்டி வைக்கிறாங்க, ஆனா அந்தச் சின்ன கண்ணாடி செல்லுக்குள்ள வேற கேஸும் கலந்து அடைச்சிருக்கறதால அந்த அதிர்வு செல்லுக்கு செல் கொஞ்சம் மாறும், அதனால ஒவ்வொரு யூனிட்டையும் இன்னொண்ணோட ஒப்பிட்டு சரிபண்ணித்தான் ஃபேக்டரியில இருந்து அனுப்புவாங்க, அப்புறம் வருஷக்கணக்கா ஓடும்போது அதுவும் மெதுவா நகரும். நீங்க வாங்கப்போறது எங்கயோ ஒரு மொபைல் டவர் ஷெல்டர்ல பல வருஷம் நிக்காம ஓடிட்டு கழட்டப்பட்ட சாமான். அது இப்ப எங்க நிக்குதுன்னு பாக்க உங்ககிட்ட ஒப்பிட ஒண்ணு வேணும், ஒப்பிட்ட வித்தியாசத்தை அளக்க ஒண்ணு வேணும். அந்த ரெண்டும் இல்லாம ரூபிடியம் வாங்குறது படிக்கல் இல்லாம தராசு வாங்குற மாதிரிதான்.

இன்னொண்ணு, உங்க தேவையையும் பாருங்க. ஆயிரம் கோடியில ஒரு பங்கு தப்புன்னா 10 மெகாஹெர்ட்ஸ்ல அது 0.001 ஹெர்ட்ஸ். 28 மெகாஹெர்ட்ஸ் பேண்டுல அதை விட பத்து மடங்கு மோசமான ரெஃபரன்ஸ் வச்சாலும் 0.03 ஹெர்ட்ஸ்க்குள்ளதான் தப்பு வரும், அந்த பேண்டுல உங்க ரேடியோ வேலைக்கு அது போதும். பெண்டுலம் கடிகாரத்துக்கு இதெல்லாம் தேவையே இல்ல, அது நாளுக்கு செகண்ட் கணக்குல அலையுற சாமான், அதுக்கு மைக்ரோ செகண்ட் அளக்குற எதுவும் தாராளம். ரூபிடியம் ஆசை தப்புன்னு சொல்லல, எனக்கும் அது புடிக்கும், வரிசையில கடைசின்னு மட்டும்தான் சொல்றேன்.

இப்ப கவுண்டர். 53131ஏல ஓவன் ஆப்ஷன் இல்லன்னு நீங்க தயங்குறீங்க, எனக்கு அது நல்ல சேதியாத்தான் படுது, ஏன்னா அதுக்காக வெலை குறையும், நீங்க எப்படியும் பின்பக்கம் வெளி ரெஃபரன்ஸ் குடுக்கப்போறீங்க, 10 மெகாஹெர்ட்ஸ் குடுத்ததும் உள்ள இருக்குற சாதா கிரிஸ்டல் கணக்குலயே வராது. அளக்குற நுணுக்கம் 500 பிக்கோ செகண்ட் அளவு, ஓவன் இருந்தாலும் இல்லாட்டியும் அது அதேதான். பின்னாடி சீரியல் போர்ட் இருக்கு, அது பேச மட்டும்தான் செய்யும், கேக்காது, ஆனா ரீடிங்கை கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வைக்க அது போதும்.

பயப்பட வேண்டிய எடம் முன்பக்க இன்புட். 50 ஓம்ஸ்ல இதுக்குத் தாங்குற அளவு 5 வோல்ட் ஆர்எம்எஸ். யாராவது ஒரு 5 வாட் ஹேண்டி டிரான்ஸ்மிட்டரை நேரா சொருகி ஃப்ரீக்வென்சி பாக்கலாம்னு நெனச்சிருந்தா அங்க கிட்டத்தட்ட 16 வோல்ட் ஏறியிருக்கும், இன்புட் ஆம்ப்ளிஃபயர் அப்பவே போயிருக்கும். பழைய கவுண்டர்கள்ல நெறைய சாவுறது இப்படித்தான், டிஸ்ப்ளே பளிச்சுன்னு எரியும், செல்ஃப் டெஸ்ட்டும் பாஸ் ஆவும், சிக்னல் குடுத்தா மட்டும் ஒண்ணும் வராது இல்லன்னா குடுக்குற லெவலை ரொம்ப ஏத்தினாத்தான் எண்ணும். அதனால கடைக்குப் போகும்போது ரெண்டு பிஎன்சி கேபிளும் ஒரு டி கனெக்டரும் பையில போட்டுக்கிட்டு போங்க. பின்பக்க 10 மெகாஹெர்ட்ஸ் அவுட்புட்டை எடுத்து சேனல் ஒண்ணுல குடுங்க, அப்புறம் ரெண்டுல. அது தன்னைத் தானே எண்ணுது, அதனால சரியா 10 மெகாஹெர்ட்ஸ் காட்டும், காட்டணும், கவுண்டர் துல்லியமா இருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, இன்புட் உசுரோட இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அடுத்து டி போட்டு ஒரே சிக்னலை ரெண்டு சேனலுக்கும் குடுத்து டைம் இன்டர்வெல் (ரெண்டு சேனலுக்கும் நடுவுல உள்ள நேர இடைவெளி) வைங்க, நம்பர் ஒரே எடத்துல ஒரு நானோ செகண்டுக்குள்ள ஆடிக்கிட்டு நின்னா நல்லது, பத்து இருபதுன்னு குதிச்சா அப்படியே வச்சுட்டு வந்துருங்க. ஒரு அர மணி நேரம் ஆன்ல விட்டு சூடானதுக்கு அப்புறமும் ஒரு தடவ இதையே பாருங்க, கடைக்காரர் மொகம் சுளிச்சாலும் பரவால்ல.

இதை விட பழைய கவுண்டர் ஏதாச்சும் கண்ணுல பட்டா, பின்பக்க வோல்டேஜ் செலக்டரைப் பாக்காம பிளக்கை சொருகாதீங்க, அமெரிக்காவுல இருந்து வந்தது 120ல நிக்கும், நம்ம ஊரு 230 அதுக்கு எமன். அந்தக் காலத்து பொட்டிகள்ல மெயின்ஸ் ஃபில்டர்ல ரீஃபா பேப்பர் கப்பாசிட்டர் இருக்கும், மஞ்சள் கலர்ல கண்ணாடி மாதிரி மேல்தோல், அது காலப்போக்குல வெடிப்பு விட்டு ஈரம் இழுத்துக்கும், நம்ம டெல்டா ஈரத்துல சொல்லவே வேண்டாம், ஒரு நாள் பொகையும் நாத்தமுமா போயிரும். வாங்கின அன்னிக்கே மாத்திடுங்க.

ஜிபிஎஸ்க்கு வருவோம், உங்க தயக்கமே இங்கதான். தென்னந்தோப்புக்குள்ள வீடுன்னா வானம் துண்டு துண்டாத்தான் தெரியும், உண்மைதான். ஆனா டைமிங்குக்குன்னே செஞ்ச ரிசீவர் வேற, போன்ல வண்டியில வர்ற ரிசீவர் வேற. டைமிங் ரிசீவர் முதல்ல தன்னோட எடத்தை நிதானமா அளந்து மனசுல வச்சுக்கும், டிரிம்பிள் கம்பெனியோட தண்டர்போல்ட் பொட்டின்னா 2000 தடவ அளந்து சராசரி எடுக்கும், செகண்டுக்கு ஒண்ணுன்னு வச்சா ஒரு அர மணி நேர வேலை. எடம் தெரிஞ்சதுக்கு அப்புறம் நேரத்தை மட்டும் கண்டுபுடிச்சா போதும்கறதால ஒரே ஒரு சாட்டிலைட் தெரிஞ்சாலும் ஓட்டிக்கிட்டு போவும். யூப்ளாக்ஸ் கம்பெனி ரிசீவர்கள்ல லீ-6டி, நியோ-எம்8டின்னு கடைசியில டி போட்ட மாடல்ல இந்த வசதி இருக்கு, கடையில மலிவா கெடைக்கிற நியோ-6எம்ல இல்ல, அதுலயும் போலி நெறைய. அதனால தோப்பு பெரிய தடை இல்ல தம்பி. மாடியில தண்ணி டேங்க் மேல ஒரு பைப்பு நட்டு ஆன்டெனாவை மட்டைக்கு மேல கொண்டுபோக முடிஞ்சா இன்னும் நல்லது, மழையில நனைஞ்ச மட்டை சிக்னலை நல்லாவே குடிக்கும்.

ஜிபிஎஸ் நேரத்தை வச்சு உள்ள இருக்குற ஓவன் கிரிஸ்டலை சரிபண்ணி 10 மெகாஹெர்ட்ஸ் குடுக்குற பொட்டியை ஜிபிஎஸ்டிஓன்னு சொல்வாங்க, அது முழுசா பழசுல கெடைக்கறது பெரும்பாலும் சிடிஎம்ஏ டவர்கள்ல இருந்து கழட்டினது. சிடிஎம்ஏ டவர் ஒவ்வொண்ணும் ஒரே நேரத்துல ஓடணும்கறதால ஒவ்வொண்ணுலயும் ஜிபிஎஸ் வச்ச கடிகாரம் இருந்துச்சு, அந்த நெட்வொர்க்கெல்லாம் மூடினதும் அதெல்லாம் சந்தைக்கு வந்துருச்சு. தண்டர்போல்ட் கெடைச்சா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, பவர் சப்ளை கூட வருதா, அதுக்கு பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 12 மூணும் வேணும். ரெண்டு, தேதி தப்பா காட்டுதேன்னு வெலை பேசலாமே தவிர வேண்டாம்னு விடாதீங்க. ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒரு தடவ சுத்தி வரும், தண்டர்போல்ட்டோட சாஃப்ட்வேர்ல அது 2017 ஜூலை 30 அன்னிக்கு மாட்டிக்கிச்சு, அதுலேர்ந்து தேதி கிட்டத்தட்ட 20 வருஷம் பின்னாடி காட்டும், ஆனா 10 மெகாஹெர்ட்ஸும் செகண்டுக்கு ஒரு பல்ஸும் ஒண்ணும் ஆவல. லேடி ஹீதர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது தேதியையும் திருத்திக் காட்டும்.

மூணாவதுதான் முக்கியம், விக்கிறவர்கிட்ட லேடி ஹீதர் ஸ்கிரீன்ல டாக் வோல்டேஜ் (கிரிஸ்டலை கட்டுப்படுத்துற வோல்டேஜ்) எவ்வளவுன்னு போட்டோ கேளுங்க. ஜிபிஎஸ் அந்த வோல்டேஜை ஏத்தி இறக்கித்தான் ஓவன் கிரிஸ்டலை 10 மெகாஹெர்ட்ஸ்லயே நிறுத்துது. கிரிஸ்டல் வயசாக வயசாக நகரும், அதைப் புடிச்சு நிறுத்த வோல்டேஜும் ஒரு பக்கமா நகரும். நடுவுல இருந்தா இன்னும் பல வருஷம் ஓடும், எல்லையை ஒட்டி நின்னா இன்னும் கொஞ்ச நாள்ல புடி நழுவிரும். ஆனா ஒரு நாளாவது தொடர்ந்து ஓடினதுக்கு அப்புறம் எடுத்த போட்டோவா இருக்கணும், ஏன்னா ஓவன் கிரிஸ்டல் மாசக்கணக்கா ஆஃப்ல கெடந்தா ஆன் பண்ணதும் பழைய எடத்துக்கு வராது, நாள் கணக்குல வாரக்கணக்குல மெதுவாத்தான் நிதானத்துக்கு வரும். வாங்கி வந்ததும் முதல் நாள் ரீடிங்கைப் பாத்து கெட்ட சாமான்னு முடிவு பண்ணிறாதீங்க.

கேபிளுக்கு செலவு பண்ண வேண்டாம், தண்டர்போல்ட் ஆன்டெனா சாக்கெட்டே 75 ஓம்ஸ் எஃப் கனெக்டர்தான், நம்ம ஊரு கேபிள் டிவிக்காரர் வச்சிருக்குற ஆர்ஜி-6 அருமையா வேலை செய்யும். மீட்டருக்கு 4 நானோ செகண்ட் தாமதம், 20 மீட்டர்னா 80, அதை செட்டிங்ல போட்டா சரியாயிரும். செலவு பண்ண வேண்டிய எடம் இடிதாங்கி. கோடை மழைக்கும் ஐப்பசி கார்த்திகைக்கும் நம்ம பக்கம் விழுற இடிக்கு, கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற எடத்துல கேஸ் டியூப் அரெஸ்டர் போட்டு நல்ல எர்த் குழியில இறக்குங்க, வானம் கறுத்தா கேபிளைக் கழட்டியும் வைங்க.

நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கு. பூமியோட காந்த நடுக்கோடு தமிழ்நாட்டோட தென்கோடியை ஒட்டிப் போவுது. அதனால சூரியன் மறைஞ்சு சில மணி நேரம் நம்ம தலைக்கு மேல அயனோஸ்பியர், அதாவது வானத்து மேல மின்னேற்றம் உள்ள காத்து அடுக்கு, கொந்தளிக்கும், குறிப்பா பங்குனி சித்திரையிலயும் புரட்டாசி ஐப்பசியிலயும், சூரியன்ல புள்ளி ஜாஸ்தியா இருக்குற வருஷங்கள்ல இன்னும் மோசம். ஒரே அலைவரிசை புடிக்கிற பழைய ரிசீவர் எல்லாம் அப்ப பத்து பத்து நானோ செகண்டா அலையும், சாட்டிலைட்டையே விட்டு விட்டுப் புடிக்கும். ஐரோப்பாக்காரர் போட்ட அழகான கிராஃபைப் பாத்துட்டு என்னோடது ஏன் ராத்திரி எட்டு மணிக்கு இப்படி ஆடுதுன்னு மனசு ஒடைஞ்சு போவாதீங்க, பொட்டி மேல தப்பில்ல. ரூபிடியம் உண்மையிலயே கை குடுக்குற எடமும் இதுதான், அந்த சில மணி நேரத்தை அது ஆடாம தாண்டிரும்.

அது வரைக்கும் சேத்து வச்சு ரூபிடியம் வாங்கும்போது, உள்ள இருக்குற விளக்கோட வோல்டேஜை கேளுங்க, எல்பிஆர்ஓல அதுக்குன்னு ஒரு பின்னே இருக்கு, விளக்குக்கு வயசாக ஆக அந்த வோல்டேஜ் இறங்கும், 3 வோல்ட்டை நெருங்கிட்டா தொடாதீங்க. ஆறின நெலையில ஆன் பண்றதுலேர்ந்து லாக் ஆவுற வரைக்கும் (உள்ள இருக்குற கிரிஸ்டலை ரூபிடியம் அதிர்வு புடிச்சு நிறுத்துற வரைக்கும்) வெட்டாத வீடியோ கேளுங்க, சில நிமிஷத்துல லாக் ஆவணும். 24 வோல்ட் சப்ளை, ஆரம்பத்துல ஒன்றரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், அப்புறம் அரை ஆம்பியர் போதும். அடித்தட்டை கனமான ஹீட் சிங்க்ல திருகாம ஓட்டவே கூடாது, சித்திரை வெயில்ல மாடி ரூம்ல அதை வைக்கிறதுன்னா ஃபேனும் வைங்க, சூடு ஏற ஏற ஆயுசு குறையும். வந்ததும் 10 மெகாஹெர்ட்ஸை வகுத்து செகண்டுக்கு ஒரு பல்ஸாக்கி, ஜிபிஎஸ் பல்ஸோட கவுண்டர்ல டைம் இன்டர்வெல் வச்சு ஒரு நாள் பூரா பதியுங்க. 24 மணி நேரத்துல 8.64 மைக்ரோ செகண்ட் நகர்ந்தா ஆயிரம் கோடியில ஒரு பங்கு தப்பு, அதுக்குள்ள இருந்தா சந்தோஷம், திருகி இன்னும் குறைக்கலாம்.

கரண்ட் விஷயம். இபி ஒரு நொடி போயிட்டு வந்தாலும் பொட்டி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், கொஞ்ச நேரம் போனா ஓவன் ஆறி நிதானம் கெட்டுரும், இன்வெர்ட்டரை நம்பாம ரூபிடியத்தோட 24 வோல்ட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி ரெண்டை சீரிஸ்ல போட்டு, சார்ஜர் எப்பவும் மாட்டியே இருக்குற மாதிரி பண்ணுங்க. பொட்டியோட ஓட்டைகளுக்கெல்லாம் வலை ஒட்டுங்க, பல்லியும் எறும்பும் சூடான எடம் தேடி வரும், பவர் சப்ளை போர்டுல குறுக்க விழுந்த பல்லியால செத்த மெஷின் நம்ம பக்கம் நெறைய.

வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதா இருந்தா டியூட்டி, வரி, கூரியர்காரர் போடுற கட்டணம்னு மேல மேல ஏறும், அது போக பழைய எலெக்ட்ரானிக் சாமான் இறக்குமதிக்கு கட்டுப்பாடு இருக்கு, பார்சல் கஸ்டம்ஸ்ல நின்னா பணமும் போவும். அதனால நாட்டுக்குள்ளயே இருக்குறதா பாருங்க, நேர்ல போய் சோதிச்சு எடுக்க முடிஞ்சா அதுதான் உத்தமம். கவுண்டரை பஸ் பார்சல்ல மட்டும் போடச் சொல்லாதீங்க, மன்னை எக்ஸ்பிரஸ்ல பெர்த் போட்டு பக்கத்துலயே வச்சு கொண்டாந்துருங்க.