மெர்சிடீஸ் எஸ்எல்: திறந்த கார் கேள்வி பதில்

2021-ல் அறிமுகமான, கூரையைத் திறந்து மூடக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரான மெர்சிடீஸ்-ஏஎம்ஜி எஸ்எல் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கே: முந்தைய எஸ்எல்லில் மடங்கும் உலோகக் கூரை இருந்தது. இப்போது மறுபடி துணி. கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு துணியா கொடுப்பது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். 2001, 2012 மாடல்களில் உலோகக் கூரை இருந்தது உண்மை. மூடினால் கூபே (நிலையான கூரையுள்ள இரு கதவு கார்), திறந்தால் ரோட்ஸ்டர் (திறந்த ஸ்போர்ட்ஸ் கார்). பார்க்க அருமை. ஆனால் அத்தனை எடையும் காரின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். திறந்தால் டிக்கியில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துணிக்கு மாறியதில் 21 கிலோ குறைந்தது. குறைந்தது உச்சியில் என்பதால் ஈர்ப்பு மையமும் இறங்கியது. வளைவில் திருப்பும்போது பலன் அங்கேதான் தெரியும். மிச்சமான இடத்தில்தான் பின் இருக்கைகளையும் நுழைத்தார்கள்.

துணி என்றதும் பழைய ஜீப் தார்ப்பாயை நினைத்துவிடாதீர்கள். வெளித்துணிக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஒலித்தடுப்புப் பாய் இருக்கிறது. திறக்க 15 விநாடி, 60 கி.மீ. வேகம் வரை ஓட்டிக்கொண்டே திறக்கலாம். தூறல் விழுந்தால் ஓரங்கட்ட வேண்டியதில்லை.

கே: கூரையை எடுத்துவிட்டால் கார் பலவீனமாகாதா?

ஆகும். ஷூ டப்பாவின் மூடியை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். சுமாரான கன்வெர்ட்டிபிளில் (கூரை திறக்கும் காரில்) மோசமான ரோட்டில் போனால் முன்கண்ணாடிச் சட்டம் லேசாக ஆடும், ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி நடுங்கித் தெரியும். இதைத் தவிர்க்க அடித்தளத்தையும் பக்கச் சட்டங்களையும் கூடுதலாகப் பலப்படுத்த வேண்டும், எடை ஏறும். இந்த எஸ்எல்லுக்கு அலுமினியச் சட்டகத்தைப் புதிதாக வடிவமைத்தார்கள். முன்கண்ணாடிச் சட்டம் எஃகு. முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு முந்தைய மாடலைவிட 18 சதவீதம் அதிகம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு.

கே: கவிழ்ந்தால் தலை தப்புமா?

பின் இருக்கைகளுக்குப் பின்னால் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. 1989 எஸ்எல்லிலேயே, கார் கவிழப்போகிறது என்று சென்சார் உணர்ந்தால் சுமார் 0.3 விநாடியில் எழும் ரோல் பார் (தலையைக் காக்கும் உலோகச் சட்டம்) வந்துவிட்டது. சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் இதெல்லாம் உதவும்.

கே: எஸ்எல் 55 வாங்கலாமா, எஸ்எல் 63 வாங்கலாமா?

இரண்டிலும் 4 லிட்டர், இரட்டை டர்போ வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்தான். 55-ல் 476 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர் டார்க், 0-100 கி.மீ. வேகத்துக்கு 3.9 விநாடி. 63-ல் 585, 800, 3.6 விநாடி, உச்ச வேகம் 315 கி.மீ. அந்த 0.3 விநாடியை ரோட்டில் யாரும் உணரப்போவதில்லை. நிஜமான வித்தியாசம் சஸ்பென்ஷனில். 55-ல் வழக்கமான ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாயாமல் தடுக்கும் கம்பி). 63-ல் அது கிடையாது. டேம்பர்களை (அதிர்வு தாங்கிகளை) ஹைட்ராலிக் குழாய்களால் இணைத்து, கார் சாய்வதை அழுத்தத்தால் கட்டுப்படுத்துகிறார்கள். நேர் ரோட்டில் மெத்தென்று போகும், வளைவில் விறைப்பாக நிற்கும். ரேஸ் டிராக் போகும் எண்ணம் இல்லையென்றால் என் ஓட்டு 55-க்கு.

கே: நாலு சிலிண்டர் எஸ்எல் 43?

அதன் 2 லிட்டர் இன்ஜின் கெட்டிக்கார வேலை. டர்போவின் தண்டிலேயே மின் மோட்டார் இருப்பதால் பிக்கப் தாமதமாகாது. 2022-ல் வந்தபோது 381 குதிரைத்திறன், 0-100க்கு 4.9 விநாடி. குறை சொல்ல முடியாது. ஆனால் கூரையைத் திறப்பதே பாதி சத்தத்துக்காகத்தான், அந்த வி8 உறுமல் இதில் வராது.

கே: இதைவிடக் குறைந்த விலையில் எலெக்ட்ரிக் செடான்கள் இதை முந்துகின்றனவே?

முந்தட்டும். வேகம் மட்டும் வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள். எஸ்எல்லில் 60 கி.மீ. வேகத்தில் போனாலே போதும். ஹெட்ரெஸ்ட்டிலிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று வரும். குளிர்காலத்திலும் கூரையைத் திறந்தே ஓட்டலாம். நடு டச் ஸ்கிரீனை 12 முதல் 32 டிகிரி வரை சாய்க்கலாம், மேலிருந்து அடிக்கும் வெயில் கண்ணைக் கூசாது. திறந்த காரில் உட்கார்ந்து யோசித்தவர்கள்தான் இதையெல்லாம் செய்ய முடியும்.

கே: இந்தியாவில் என்ன விலை?

எஸ்எல் 55 2023 ஜூனில் வந்தபோது எக்ஸ்-ஷோரூம் 2.35 கோடி ரூபாய். வரி, இன்ஷூரன்ஸ் தனி. அப்புறம், நம் ஊர் மதிய வெயிலில் கூரையைத் திறக்க யாருக்கும் மனசு வராது, விடிகாலைக்கும் மார்கழிக்கும்தான்.

கே: பின் சீட்டில் அம்மா அப்பா உட்காரலாமா?

கம்பெனியே 1.50 மீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்குத்தான் என்கிறது. பிள்ளைகள் உட்காரலாம், இல்லையென்றால் பை வைத்துக்கொள்ளுங்கள். கூரை திறந்திருக்கும்போது டிக்கி 213 லிட்டர்தான், அந்த இடம் தேவைப்படும்.