அவரிடம் யாராவது கேட்டீர்களா?

கேள்வி: கல்லூரியில் தொடங்கி ஐந்து வருடம் ஒருவரைக் காதலித்தேன். இரண்டு வருடம் முன்பு அவர் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது லாரி மோதியது. அவருக்குச் சிராய்ப்பு. எனக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு நாள் வந்தார், அதோடு சரி. என்னைத் திரும்ப நடக்க வைத்தவன் பள்ளிக்கூடத்து நண்பன். இப்போது காதலர் திரும்பி வந்து, கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறார். "இவ்வளவு செய்த பையனை விட்டுவிடுவாயா? தைக்குள் முடிவு சொல்" என்கிறார் அம்மா. யாரைத் தேர்ந்தெடுப்பது?
- பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுவதையும் மூன்று முறை படித்தேன், சகோதரி.

நண்பர் செய்ததெல்லாம் அதில் இருக்கிறது. செயற்கைக் காலுக்கு அளவெடுக்க சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனது, அந்தக் கால் உரசிப் புண்ணானபோது மறுபடி ரயில் ஏறியது, இல்லாத பாதம் வலிக்கிறது என்று நடுராத்திரி நீங்கள் அழுதபோது போனை வைக்காமல் இருந்தது. (அந்த வலி நிஜம். கால் எடுத்தவர்கள் பலருக்கும் வருவது. பிரமை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.) ஆனால் அவர் உங்களைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அம்மா சொல்கிறார், பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அவரிடம் யாராவது கேட்டீர்களா? அவருக்கு மனதில் வேறு யாராவது இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கேட்காமலேயே அவரை மாப்பிள்ளையாக்குவது அவர் செய்த உதவிக்குக் கூலி கொடுப்பது போல ஆகிவிடும். அவர் கூலிக்கு வரவில்லை.

காதலரைக் கோழை என்று ஒரு வார்த்தையில் முடிக்க மாட்டேன். விபத்தில் தப்பியவருக்கும் மனம் உடையும்; நடந்ததை நினைவூட்டும் ஆளையும் இடத்தையும் பார்க்கவே பயந்து ஒதுங்குவார்கள். அப்படி இருந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "அவர் வரும்போதெல்லாம் காலை மாட்டிக்கொண்டு, தரையைத் தொடுகிற மாதிரி உடுத்திக்கொண்டுதான் உட்காருவேன்." இரண்டு மாதமாக வந்து போகிறவர் உங்கள் காலை இன்னும் பார்க்கவில்லை. அதை ராத்திரி கழற்றித்தானே வைக்க வேண்டும்? அவர் கேட்கிற பெண் பைக்கில் ஏறுவதற்கு முன்பிருந்த பெண். அவரிடம் இப்போது சம்மதம் சொல்லாதீர்கள். ஒருநாள் அவர் எதிரில் காலைக் கழற்றி வையுங்கள். இரண்டு வருடம் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். குற்ற உணர்ச்சியைத் தீர்க்க வந்தவரா, உங்களோடு வாழ வந்தவரா என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

அதற்கு முன் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. லாரி ஹார்ன் கேட்டால் இன்னும் உடம்பு நடுங்குகிறது, தூக்கத்தில் அலறுகிறேன் என்கிறீர்கள். இரண்டு வருடம் ஆகியும் இது நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இன்றே பேசுங்கள். பயத்தில் இருக்கும்போது யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அந்த நிலையில் நாள் குறிக்க வேண்டாம்.

தை போனால் இன்னொரு தை வரும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுதுங்கள். அடுத்த பதில் அவருக்கு.