தத்தெடுக்கும் நாய்க்கு ஏன் காசு கேட்கிறார்கள்?

கேள்வி: பேஸ்புக்கில் ஒரு பெட்டை நாயின் படம் பார்த்தேன். தெருவில் அடிபட்டுக் கிடந்ததை எடுத்துக் காப்பாற்றினார்களாம். இரண்டு வயது. 'இலவசம்' என்று போட்டிருந்தார்கள். பேசிப் பார்த்தால் தடுப்பூசி, கருத்தடைச் செலவென்று 8,000 ரூபாய் கேட்கிறார்கள். அதையும் முதலில் வங்கியில் போடட்டாம். கொடுக்கலாமா?
- வாசகி, கல்லடி

பதில்: காசு கேட்பதில் பிழையில்லை, தங்கச்சி. நாயைக் காட்டாமல் முதலில் போடச் சொல்வதுதான் பிழை.

தெருவில் கிடந்ததைத் தூக்கி வந்து, சொறியை மாற்றி, உண்ணி பிடுங்கி, மாதக்கணக்கில் சோறு போட்டவருக்குச் செலவு போயிருக்கும். அதில் ஒரு பங்கை நீங்கள் கொடுத்தால் அவர் இன்னொரு நாயைத் தூக்குவார். ஆனால் செலவு நடந்திருந்தால் அத்தாட்சி இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். அதில் திகதி, மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டிய சின்ன லேபிள், வைத்தியரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. அதற்கென்று தனியாகப் பெரிய தொகை சொன்னால் பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கருத்தடை செய்த பெட்டைக்கு வயிற்றின் நடுவிலோ விலாப் பக்கத்திலோ தழும்பு தெரியும்.

அப்புறம், சாப்பாடு வைக்கும் நேரமாகப் பார்த்து நேரில் போங்கள். நாய் தின்னும்போது யாராவது கிட்டப் போனால் விறைத்து நின்று உறுமுகிறதா? காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா? உதட்டை மெல்லத் தூக்கி முரசைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப் போயிருந்தால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வைத்தியரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு, நாயின் கயிறு உங்கள் கைக்கு வரும்போது காசைக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொஞ்சுமென்று எதிர்பார்க்க வேண்டாம். நான் எடுத்து வந்தது நாலு நாள் குசினியில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. சோற்றை வைத்துவிட்டு நான் அப்பால் போனால்தான் வாய் வைக்கும். ஐந்தாம் நாள் மீன் கழுவக் குந்தியிருந்தேன், பின்னால் வந்து என் சீலைத் தலைப்பை மோந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் இன்னும் மறக்கவில்லை. பழகும்வரை கேற்றைப் பூட்டியே வையுங்கள். பழைய இடத்தைத் தேடி ஓடினால் கல்லடிப் பாலத்து வாகனங்களுக்கு நடுவில்தான் போய் நிற்கும். கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். மாநகர சபையில் பதிவும் செய்ய வேண்டும், 1901ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

கேள்வி: இரண்டு மாதத்தில் வேலைக்குக் கட்டார் போகிறேன். ஆறு வயதுக் கடுவன் நாய் இருக்கிறது. வயல் வாடியில் காவலுக்கு வேண்டுமென்று ஒருவர் கேட்கிறார். சந்தைப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சந்தையில் மட்டும் விட்டுவிடாதீர்கள், தம்பி. அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்கள் புதிதாக வந்ததைக் கடித்துக் குதறும். ஆறு வருடம் உங்கள் கையால் தின்ற நாய்க்குக் குப்பையில் கிளறவும் தெரியாது, லொறிக்கு விலகவும் தெரியாது.

வாடிக்காரரிடம் மூன்று விடயம் கேளுங்கள். இரவில் அங்கே ஆள் படுக்கிறதா? வேளாண்மை வெட்டி முடிந்து வாடியைக் கலைத்த பிறகு நாய் எங்கே நிற்கும்? சங்கிலியில்தான் கட்டி வைப்பாரா? அம்பாறை வயல்களுக்கு யானை வரும். கட்டி வைத்த நாயால் ஓட முடியாது. இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் கொடுக்க வேண்டாம்.

முதலில் நாய்க்குத் தெரிந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அக்கா வீடு, கூட்டாளி வீடு, அது வாலாட்டிக்கொண்டு போகிற வீடு. கருத்தடை செய்து, இந்த வருடத் தடுப்பூசியும் போட்டுக் கொடுங்கள். யாரையாவது கடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கலாம். பயணத்துக்கு முந்தின நாள் கொண்டுபோய் விடாமல் ஒரு மாதம் முன்பே விடுங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பி எடுக்க நீங்கள் ஊரில் இருப்பீர்கள். நீங்கள் போன பிறகு யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் பெயரோடு எழுதிக் கொடுங்கள். அது படுக்கும் சாக்கைக் கழுவாமல் கூடவே அனுப்புங்கள், அதில் உங்கள் வீட்டு மணம் இருக்கும்.

கேள்வி: 30,000 ரூபாய்க்கு வாங்கிய குட்டி ஐந்தாம் நாள் இரத்தமாகக் கழிந்து செத்துவிட்டது. விற்றவர் வேறு குட்டி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
- வாசகர், செங்கலடி

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பார்வோ வைரஸ் போல இருக்கிறது. அது உடம்பில் புகுந்து பெரும்பாலும் 3 முதல் 7 நாளில்தான் நோயாக வெளியே தெரியும். அதனால் விற்றவர் வீட்டிலேயே தொற்றியிருக்கலாம். அந்தக் கிருமி உங்கள் வளவு மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த குட்டியும் அதே மண்ணைத்தான் நக்கும். குட்டி படுத்த சீமெந்துத் தரையை 30 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து கழுவுங்கள், வெறும் சவர்க்காரம் போதாது. குட்டியைப் பார்த்த வைத்தியரின் துண்டையும் வட்ஸ்அப் பேச்சையும் காட்டி, குட்டிக்குப் பதிலாகக் காசையே திருப்பிக் கேளுங்கள். நாய் வேண்டும் என்ற ஆசை விடவில்லையென்றால், எல்லாத் தடுப்பூசியும் முடிந்த வளர்ந்த நாய் ஒன்றை எடுத்து வாருங்கள்.