ஒரு கேஸ்கூட இல்லாத வாரத்திலும் 0 போட்டு அனுப்புவது வெட்டி வேலையா?

கேள்வி இது: நோய்க் கண்காணிப்பு என்று வாரா வாரம் படிவம் கேட்கிறார்கள், ஒரு கேஸ்கூட இல்லாவிட்டாலும் 0 போட்டு அனுப்பியே ஆகவேண்டும் என்கிறார்கள், இது வெட்டி வேலைதானே? கேட்ட தொனியைப் பார்த்தால் நீங்கள் ஏதோ சின்ன மருத்துவமனையில் நர்ஸாக இருக்கவேண்டும், படிவம் உங்கள் தலையில் விழுகிறது. நான் அந்தப் படிவத்தை வாங்கும் பக்கத்தில் 11 வருடமாக உட்கார்ந்திருப்பவன். டாக்டர் இல்லை, புள்ளிவிவர ஊழியன். மருத்துவச் சண்டைக்கு யாரும் வரவேண்டாம்.

வெட்டி வேலை இல்லை. ஆனால் அதை வெட்டி வேலையாக ஆக்கிவிட முடியும். நானே ஆக்கியிருக்கிறேன்.

எங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பும் ஒரு சிறு மருத்துவமனை. தட்டம்மைக் கட்டத்தில் தொடர்ந்து 14 வாரம் 0. ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. மாதாந்திரக் கூட்டத்தில், “இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று மற்றவர்களிடம் நானே சொன்னேன். அடுத்த வாரமே வேறொரு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைக்குத் தட்டம்மை என்று லேப் ரிசல்ட் வந்தது. குழந்தையின் வீடு இருந்தது இந்த 0 ஆசாமிகளின் எல்லையில்.

போய் வெளிநோயாளி ரெஜிஸ்டரைப் புரட்டினோம். காய்ச்சல், உடம்பில் தடிப்பு, பக்கத்தில் ‘அலர்ஜி’. இரண்டு பக்கம் தள்ளி மறுபடி காய்ச்சல், தடிப்பு, ‘வேர்க்குரு’. இரண்டு மாதத்தில் ஒன்பது குழந்தைகள். காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தாலே சந்தேகக் கேஸாக எழுதிவிடவேண்டும், தட்டம்மையா இல்லையா என்பதை லேப் பார்த்துக்கொள்ளும். அதற்கும் கெடு உண்டு. தடிப்பு வந்து 28 நாளுக்குள் இரத்தம் எடுக்கவேண்டும். ஒன்பதில் நாலு பேருக்கு நாள் கடந்துபோயிருந்தது. தடிப்பு வெளியே தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்தே ஒட்டிக்கொள்கிற நோய் இது, அந்த நாலு பேரும் யார் யாரோடு விளையாடினார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அலுவலகம் திரும்பி அவர்களுடைய படிவங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். ஒவ்வொரு 0-க்கும் வலது பக்கத்தில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. பதினாலிலும் அதே இடத்தில். ஒரு தடவை 0 போட்டு, ஜெராக்ஸ் எடுத்துக் கட்டி வைத்துக்கொண்டு, தேதியை மட்டும் பேனாவால் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பதினாலையும் கையில் வாங்கிக் கணினியில் ஏற்றியவன் நான்.

அங்கே படிவம் நிரப்பும் சிஸ்டரிடம் கோபமாகத்தான் போனேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “போன வருஷம் மூணு சந்தேகக் கேஸ் எழுதி அனுப்பினேன் சார். அன்னைக்கே உங்க ஆபீஸ்லேருந்து போன். ஏன் மூணு, தடுப்பூசி ஒழுங்கா போட்டீங்களா இல்லையான்னு. விளக்கம் வேற எழுதித் தரச் சொன்னாங்க. அதுக்கப்புறம் எதுக்கு சார் வம்பு?”

போன் செய்தது நான்தான். அவருக்குக் குரல் ஞாபகமில்லையா, ஞாபகம் இருந்தும் சொல்லவில்லையா, இன்றுவரை கேட்கவில்லை.

‘அதற்காக அவர் செய்தது சரியாகிவிடுமா?’ என்று கிளம்பப்போகிறவர்களுக்கு: ஆகாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை கூடினால் திட்டு, 0 என்றால் பாராட்டு என்று வைத்தால் 0-தான் வரும்.

இத்தனைக்கும் துறையின் அளவுகோல் நேர் எதிரானது. போலியோ கண்காணிப்பில், போலியோ அல்லாத காரணத்தால் திடீரென்று கைகால் தளர்ந்த குழந்தைகள் வருடத்துக்கு ஒரு லட்சத்தில் ஒருவராவது கணக்கில் வந்திருக்கவேண்டும் (15 வயதுக்குட்பட்டவர்களில்). தட்டம்மையில், சோதித்துப் பார்த்து ‘தட்டம்மையும் இல்லை, ரூபெல்லாவும் இல்லை’ என்று தள்ளிய கேஸ்கள் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு இரண்டாவது இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் சரியாகத் தேடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பயிற்சியில் இதற்குத் தேர்வே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுத்தான் அந்தப் போனையும் செய்தேன்.

பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்காவில் இருந்த அலி மாவ் மாலின் என்கிற மருத்துவமனைச் சமையல்காரர், 1977 அக்டோபரில். (1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆய்வகத்துக் கிருமி தொற்றி ஒருவர் இறந்தாரே என்று திருத்த வருகிறவர்கள் ‘இயற்கையாக’ என்ற சொல்லை மறுபடி படிக்கவும்.) அவருக்கே முதலில் மலேரியா என்றார்கள், அப்புறம் சின்னம்மை என்றார்கள். அடுத்து கேஸ் வரவில்லை என்றதும் கடையை மூடிவிட்டார்களா? தகவல் தருபவருக்கு ஆயிரம் டாலர் என்று அறிவித்து, இரண்டு வருடம் தேடி, 1980 மே மாதம்தான் ஒழிந்தது என்றார்கள். அந்த 0-க்குப் பின்னால் அவ்வளவு அலைச்சல்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் இருப்பதால் சொந்தக்காரர்கள் காய்ச்சல் மாத்திரை கேட்டுப் போன் செய்வார்கள், நான் டாக்டர் இல்லை என்றால் “அப்ப அங்க என்னதான் பண்றே?” என்பார்கள். 11 வருடமாக ஒப்பந்த ஊழியன், மூன்று மாதச் சம்பளம் பாக்கி. ஏதாவது பரவத் தொடங்கினால் மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கணக்குக் கேட்பார்கள். சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கட்டத்தைக் காலியாக விட்டால் கேஸ் இல்லையா, நீங்கள் லீவா, மறந்துவிட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் 0 கேட்கிறோம். ரெஜிஸ்டரைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், அது போதும்.

அந்த சிஸ்டர் இப்போது 0-க்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி அனுப்புகிறார்: ‘ரெஜிஸ்டர் பார்த்தேன். மொத்தம் 212 பேர். காய்ச்சலும் தடிப்பும் யாருக்கும் இல்லை.’ படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுகிறார். கணினியிலும் இடமில்லை. நான் தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.