ஓய்வு காலுக்கா, உடம்புக்கா?

கேள்வி: எனக்கு 46 வயது. படியில் கால் பிசகி விழுந்ததில் இடது கணுக்கால் எலும்பு முறிந்து, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாதாம். நாள் தவறாமல் நடந்து பழகிய எனக்குப் பத்து நாளிலேயே உடம்பு தளர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. படுத்தபடியே செய்யும் பயிற்சிகள் என்று கைப்பேசியில் எத்தனையோ காணொளிகள் வருகின்றன. அவற்றைச் செய்யலாமா, அல்லது ஓய்வு என்றால் அசையாமல் கிடப்பதுதானா?

பதில்: உங்களுக்குத் தோன்றுவது வெறும் பிரமை அன்று. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், நல்ல உடல்நலத்துடன் இருந்த 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்து ஆராய்ந்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு வயது கூடியதால் குறைந்த உழைக்கும் திறனைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையால் குறைந்தது அதிகம் என்று தெரியவந்தது. படுக்கைக்குப் பின் பயிற்சி செய்து இழந்ததை அவர்கள் மீட்டுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வராது.

மருத்துவர் ஓய்வு கொடுத்திருப்பது உங்கள் கணுக்காலுக்கு. மற்ற உறுப்புகளுக்கு அவர் விடுப்பு எழுதிக் கொடுக்கவில்லை. 'ஓய்வு' என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்கு வந்துவிடுவதால்தான் பலர் கையைக்கூட அசைக்காமல் படுத்துவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது, எந்த மூட்டு அசையக் கூடாது, அந்தக் காலைத் தூக்கலாமா, எந்த நாளிலிருந்து எவ்வளவு எடை தாங்கலாம் என்று மூன்று கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். இதய நோய், கடுமையான காய்ச்சல் போன்றவற்றுக்காக முழு உடம்புக்குமே ஓய்வு சொல்லப்பட்டவர்கள், இனி நான் எழுதுவதைத் தங்கள் மருத்துவரிடம் காட்டாமல் செய்ய வேண்டாம்.

உங்கள் நிலையில் பொதுவாக அனுமதிக்கப்படுவது, மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கும் பயிற்சி. படுத்துக்கொண்டு, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, அந்தத் துண்டை நசுக்குவதுபோலத் தொடையை இறுக்குங்கள். முழங்கால் சில்லு தொடைப் பக்கமாகச் சற்று மேலேறுவது கண்ணுக்கே தெரியும். ஐந்து எண்ணும்வரை பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். வாய்விட்டு எண்ண வேண்டும், ஏனென்றால் எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். பத்து முறை போதும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்து களைத்துப்போவதைவிட, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொரு முறை சில நிமிடம் செய்வது மேல். புட்டத் தசைகளையும் இவ்வாறே இறுக்கித் தளர்த்தலாம்.

வலது காலைச் சும்மா விடாதீர்கள். ஒரு பக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தால் மறுபக்கத்தின் வலிமையும் ஓரளவு கூடுகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வகத்தில் 1894-லேயே கண்டறிந்தார்கள். தசையை இயக்கும் கட்டளை நரம்பு மண்டலத்திலிருந்து வருவதால், கட்டுக்குள் இருக்கும் காலுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. கைகளுக்கு, கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் அமர்ந்து, வலது பாதத்தைத் தரையில் பதித்து, இரு கைகளையும் ஊன்றி இடுப்பைச் சற்றே உயர்த்தி இறக்குங்கள். ஊன்றுகட்டையில் நடப்பதற்கு வேண்டிய வலிமை இதில்தான் வரும். கட்டையின் மேல்முனையில் அக்குளைச் சாய்த்துத் தொங்காமல் உள்ளங்கைகளில் எடையைத் தாங்குங்கள். அக்குள் நரம்பு நசுங்கினால் கை மரத்துப்போகும்.

இதைவிட முக்கியமானது இரத்த ஓட்டம். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் இருக்கும் இரத்தம் இதயத்தை நோக்கி மேலே தள்ளப்படுகிறது. அது ஓய்ந்துவிட்டால் இரத்தம் தேங்கி உறையக்கூடும். ஆகவே வலது பாதத்தை முன்னும் பின்னுமாக அசைப்பதையும், மருத்துவர் தடுக்காதவரை கட்டுக்கு வெளியே தெரியும் இடது கால்விரல்களை மடக்கி நீட்டுவதையும் மறக்க வேண்டாம். ஒரு காலின் கெண்டைப் பகுதி மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடக் கூடாது. அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலும், கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போய் விரல்கள் மரத்து வெளிறினாலோ நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காணொளிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் பயிற்சி சொல்லித் தருபவருக்கு உங்கள் எக்ஸ்ரே தெரியாது. தசைக் களைப்பு இயல்பு. குத்தும் வலியோ, மறுநாள் காலையிலும் நீடிக்கும் வலியோ வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள்.

கேள்வி: வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் தாயாருக்கு 71 வயது. கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எழுந்தாலே தலை சுற்றுகிறது என்று பயந்து படுத்துவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: சில நாள் படுத்திருந்தாலே உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு குறைவதால், எழுந்ததும் அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. நேராக எழாமல், ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பாதங்களை அசைக்கட்டும். பிறகு நீங்கள் அருகில் நிற்க, எழுந்து நின்று, தலை தெளிந்த பின்பே அடியெடுத்து வைக்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் சுற்றினால், படுத்திருக்கும்போதும் நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாயார் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரானால் அதன் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். இருமும்போது தையல் மீது ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

கேள்வி: முதுகுவலிக்காக ஓய்வில் இருக்கிறேன். எடை கூடாமலிருக்க ஒரு வேளை உணவை விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். அசையாத உடம்பு பட்டினியும் கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். அளவைச் சற்றுக் குறைக்கலாம், புரதத்தைக் குறைக்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவன்றி, சாதாரண முதுகுவலிக்கு நீண்ட படுக்கை ஓய்வை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. உங்களுக்கு எதனால் சொன்னார்கள், எத்தனை நாளுக்குச் சொன்னார்கள் என்று முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.